பூட்டியதா, திறந்ததா?

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் பயன்படும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். அதன் செட்டிங் கோப்பில் பல ஆண்டுகளாக ஒரு வரி புழங்கியது: 'பெர்மிட்ரூட்லாகின் வித்அவுட்-பாஸ்வேர்ட்'. சர்வரில் சகல அதிகாரமும் படைத்த 'ரூட்' கணக்குக்கான வரி அது. முதன்முறை படிப்பவருக்கு என்ன தோன்றும்? பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டுவிடும் என்றுதான். விஷயம் நேர்மாறு. ரூட் கணக்குக்குள் பாஸ்வேர்டைத் தட்டி நுழைய முடியாது, டிஜிட்டல் சாவி போன்ற வேறு அடையாளம் வேண்டும் என்பதே அதன் பொருள். கதவைப் பூட்டும் வரி, திறந்துபோட்டது போல ஒலித்தது.

கையேட்டில் விளக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி சர்வர் படுத்துக்கொண்டால் கையேட்டைப் புரட்ட யாருக்குப் பொறுமை? கண்ணில் படும் சொல்லை நம்பித்தான் கை போகும். 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில்தான் 'ப்ரொஹிபிட்-பாஸ்வேர்ட்', அதாவது பாஸ்வேர்டுக்குத் தடை, என்ற பெயர் வந்தது. அதுவே டீஃபால்ட்டும் ஆனது. பழைய சொல்லையும் விட்டுவைத்தார்கள். ஏற்கெனவே எழுதிவைத்த கோப்புகளை என்ன செய்வது?

பெயரை அவசரத்தில் வைத்துவிட்டு, குழப்பத்தைக் குறிப்பில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மென்பொருள்காரர்களிடம் நிறைய உண்டு. அது பலிப்பதில்லை.

அப்பாச்சி வெப் சர்வர் பட்ட பாடும் இதுதான். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்ற விதிகளோடு 'ஆர்டர் அலவ்,டினை' என்று எழுதினால், எந்த விதியிலும் சேராதவருக்கு அனுமதி கிடையாது. 'ஆர்டர் டினை,அலவ்' என்றால் உண்டு. போதாததற்கு, காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டாலே பிழை. 2012இல் வந்த 2.4 பதிப்பு இந்தப் புதிருக்குப் பதிலாக 'ரிக்வயர் ஆல் டினைட்' என்றது: எல்லோருக்கும் மறுப்பு. இதை எப்படித் தப்பாகப் படிப்பது?

எண்கள் வரும் இடம் இன்னும் வம்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' என்ற செட்டிங்குக்கு வெறும் எண் கொடுத்தால் அது மில்லிசெகண்ட். 30 வினாடியை மனத்தில் வைத்து 30 என்று மட்டும் எழுதினால், வினாடியில் நூறில் மூன்று பங்கு ஓடியதுமே வேலை வெட்டுப்படும். அதே கோப்பில் 'ஆதென்டிகேஷன் டைம்அவுட்' வெறும் எண்ணை வினாடியாக எடுத்துக்கொள்ளும். ஆனாலும் போஸ்ட்கிரெஸ்காரர்களைக் குறை சொல்ல முடியாது. எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுத வழி வைத்திருக்கிறார்கள். முதல் செட்டிங்கின் பக்கத்திலேயே, மில்லிசெகண்டில் எழுதவும், பூஜ்யம் என்றால் வரம்பு இல்லை என்று அரை வரிக் குறிப்பும் உண்டு. அந்த அரை வரி இல்லாவிட்டால் பூஜ்யத்தை 'உடனே நிறுத்து' என்று படிப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

'டைம்அவுட்' என்ற பெயருக்குக் கீழே 'டைம்அவுட்டை அமைக்கும்' என்று எழுதிக் கடமையை முடித்துக்கொள்ளும் குறிப்புகளுக்குக் குறைவில்லை. பெயரையே திருப்பிச் சொல்லும் அந்த வரியால் யாருக்கு லாபம்? அலகு என்ன, பூஜ்யம் போட்டால் என்ன ஆகும், எதுவுமே எழுதாவிட்டால் எந்த மதிப்பு ஓடும் என்பதைச் சொல்லாத குறிப்பை, கோடு ரிவ்யூ செய்யும் மூத்தவர்கள் பிழையுள்ள நிரலைத் திருப்புவது போலவே திருப்பி அனுப்ப வேண்டும்.