காப்பிக் கடையில் கேட்ட சொல்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, மூன்று பெஞ்சுகள் மட்டும் போட்ட காப்பிக் கடை ஒன்று இருக்கிறது. ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் அங்கே உட்கார இடம் கிடைப்பது அரிது. ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் ஈரக்காற்றில் நனைந்தவர்கள் ஒரு கிளாஸ் சூட்டுக்காக உள்ளே ஒதுங்குவார்கள். ஒரே நாளிதழ் நான்காகப் பிரிந்து நான்கு கைகளில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது நம் காதில் விழாமல் அங்கே காப்பி குடிக்க முடியாது.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் எனக்குப் பேச்சு வழக்கின் மீது தீராத ஆசை உண்டு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். சாரல் நாள் ஒன்றில் என் எதிர் பெஞ்சில் அறுபதைக் கடந்த இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அண்மையில் மனைவி இறந்திருந்தார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. வீட்டில் தனியாக இருப்பதைப் பற்றி, சமையலறைச் சாமான் ஒன்றை வைத்து, அவர் ஒரு வாக்கியம் சொன்னார். அப்படி ஒரு வாக்கியத்தை நான் அண்மைக் காலத்தில் எந்தச் சிறுகதையிலும் படித்ததில்லை. மறந்துவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

அவர் பார்த்துவிட்டார். "என்ன சார், எழுதுதீய?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வகுப்புக்கான குறிப்பு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு நண்பர் பக்கம் திரும்பினார். "மெயினருவியில தண்ணி நல்லா வுழுதாம்லா" என்றார். அதன் பிறகு எழுந்து போகும்வரை இருவரும் குற்றாலத்துத் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

ஒருவர் தம் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை என் பேனா நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து, பிறர் பேச்சைக் கேட்பது பற்றி நம் இலக்கியம் என்ன நினைத்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் மரபில் இதற்குக் குறைந்தது மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலாவது ஒற்று. வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அது அரசனின் தேவை. கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு ஒற்றனின் வேலை முடிகிறது. பேசியவனுக்கு அதனால் என்ன ஆகும் என்பது அவன் கவலை இல்லை. இரண்டாவது சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பதை அறிந்தே, அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் பேசுவாள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இத்தகைய பாடல்கள் பல உண்டு. இங்கே கேட்பவன் இருப்பது பேசுகிறவளுக்குத் தெரியும்.

மூன்றாவது விரிச்சி. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு பத்துப்பாட்டிலேயே சிறியது, 103 அடிகள்தாம். கார்கால மாலை ஒன்றில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். போருக்குச் சென்றவன் திரும்புவானா என்று ஒருத்தி வீட்டில் வாடிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, தற்செயலாக யார் வாயிலிருந்தாவது ஒரு நல்ல சொல் வராதா என்று காத்து நிற்கிறார்கள். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆய்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றுகளிடம், உங்கள் தாயர் இப்போது வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்தச் சொல்லைத்தான் முதியவர்கள் தலைவியிடம் கொண்டுபோகிறார்கள்.

ஆய்மகளுக்குத் தன் பேச்சை யாரோ கேட்டது தெரியாது. அந்த வகையில் அவளும் என் எதிர் பெஞ்சுக்காரரும் ஒன்றுதான். வேறுபாடு கேட்டவர்களிடம் இருக்கிறது. முதுபெண்டிர் கேட்பதற்கு முன்பே தங்கள் நெல்லைக் கொடுத்துவிட்டார்கள். கேட்ட சொல்லைத் துயரத்தில் இருக்கும் ஒருத்திக்காகக் கொண்டுபோனார்கள். நான் எதையும் கொடுக்கவில்லை, எனக்காக எடுத்துக்கொண்டேன். விரிச்சி என்று எண்ணிக்கொண்டு நான் செய்தது ஒற்று வேலை.

அப்படியானால் எழுத்தாளன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். கி. ராஜநாராயணன் மக்கள் வாயிலிருந்து திரட்டியிராவிட்டால் 1982இல் அந்தக் கரிசல் வழக்குச் சொல்லகராதி வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் கி.ரா. அந்தப் பேச்சுக்கு வெளியே நின்று கேட்டவர் அல்லர். இடைசெவலில் விவசாயியாக அந்த மனிதர்களோடு வாழ்ந்தவர். அவர்களிடம் கேட்ட அளவுக்கு அவர்களிடம் பேசியும் இருப்பார். ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியும், பின்னாளில் அவருடைய குற்றாலத்து வீடும் பேச்சுக்குப் பேர் பெற்றவை. அங்கும் பேசியவரும் கேட்டவரும் எதிரெதிரே முகம் பார்த்து அமர்ந்திருந்தார்கள்.

கேட்காமல் இருப்பது இதற்குத் தீர்வாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காப்பிக் கடை பெஞ்சில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும்படி உட்கார்வது இங்கே எளிதில் கிடைத்த உரிமை அன்று. காப்பி நம் சமூகத்தில் நுழைந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் (2000) விரிவாக எழுதியிருக்கிறார். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் ஒழியவில்லை. தனித்தனியே உட்கார வைப்பதன் பொருள், ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழக் கூடாது என்பதும்தான். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன் 1675 டிசம்பரில் காப்பிக் கடைகளை மூடச் சொல்லி ஆணையிட்டு, எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டான். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பது அதிகாரத்துக்கு எப்போதுமே அச்சம் தருவதாக இருந்திருக்கிறது.

ஆகவே கேட்போம். அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 'டீக்கடையில் கேட்டது' என்று பிறர் பேச்சை எழுதிச் சிரிக்க வைப்பது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. கைப்பேசி வந்தபின் குறிப்பேடுகூடத் தேவையில்லை. பேசுகிறவர் அறியாமலே குரலைப் பதிந்து, மாலைக்குள் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடலாம். அந்த மனிதரின் வட்டார வழக்கு நமக்கு வேடிக்கை. அவர் துயரம் நமக்கு அழகான ஒரு வரி. அவருக்கு அதில் பங்கு என்ன என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் பாண்டியன் கதையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நகர்ச் சோதனைக்குப் போன இரவில் கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன் அவன். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேனாவை மூடி வைத்தால் போதும்.

அவர் சொன்ன வாக்கியத்தை நான் இங்கே எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அது என் குறிப்பேட்டில் பாதியோடு நிற்கிறது. என் பெயரில் அது வெளிவராது.

அடுத்த மாதம் அதே கடையில் அவரை மீண்டும் பார்த்தேன். இம்முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அருவியில தண்ணி எப்படி அண்ணாச்சி?" என்று நானே பேச்சைத் தொடங்கினேன். ஒரு கணம் என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு, ஐந்தருவியில் தொடங்கி பழைய குற்றாலம் வரை அரைமணி நேரம் சொன்னார். மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. காப்பிக்கு நான் காசு எடுப்பதற்குள் அவரே கொடுத்துவிட்டார்.