உப்பு மருந்தா, சாப்பாடா?

"மீன் தொட்டியில் வாரம் ஒரு கரண்டி கல்லுப்பு போடுங்கள், நோயே வராது" என்று பலரும் சொல்கிறார்கள். நானும் போட்டேன். பேத்தி ஆசையாய் வளர்த்த கோரிடோராஸ் கெளுத்திகள் இரண்டும் செத்துப்போயின, செடிகளும் அழுகின.

பிறகுதான் உறைத்தது: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை மட்டும் நிரப்பி, உப்பை மேலும் மேலும் ஏற்றியிருக்கிறேன். பழைய தண்ணீரை எடுத்து மாற்றினால்தான் உப்பு குறையும்.

உப்பு கெட்டதல்ல. வெள்ளைப்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை பலன் தரும். நைட்ரைட் கூடினால், அது செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதையும் குறைக்கும். ஆனால் அது மருந்து. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு வாராவாரம் மாத்திரை கொடுப்போமா?

உப்பை அளந்து போடும் வயதில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லவா வேண்டும்!