பூவாறு போகிறவர்கள் கால்வாயையும் பார்க்கட்டும்

திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஒரே கேள்விதான்: குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது? கோவளம் என்றால் கூட்டம். மிருகக்காட்சிசாலை பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கன்னியாகுமரிக்குப் புறப்பட்டால் ஒரு நாள் போதாது, செலவும் கட்டாது. செங்கல் மகேஸ்வரம் கோவிலில் 111 அடி உயரச் சிவலிங்கம் எழும்பிய பிறகு அங்கே போகிறவர்கள் ஏராளம். ஆனால் கும்பிட்டு முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் கடலை நோக்கிப் போனால் பூவாறு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அகஸ்திய மலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு கடலில் சேருமிடம் பூவாறு. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டு. கரையோரம் கண்டல் மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன. மழைக்காலத்தில் ஆறு மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். இதைத்தான் பொழி என்கிறார்கள். பக்கத்து ஊருக்குப் பொழியூர் என்று பெயர் வந்த காரணம் சொல்லாமலே விளங்கும்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பொழியில் தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது. அடியில் இழுப்பு அதிகம். காலுக்குக் கீழே மணல் நழுவும். நீச்சல் தெரிந்த ஊர்க்காரர்களே அங்கே யோசித்துத்தான் இறங்குவார்கள். குழந்தைகளின் கையை விடாமல் மணலில் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

படகுச் சவாரிக்குக் குறைவில்லை. ஆனால் வாடகை ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, படகுக்கு இவ்வளவு. விடுதியில் தங்கும் வெளிநாட்டாருக்கு அது ஒரு பொருட்டல்ல. மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குப் போடும் குமாஸ்தாவும், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளியும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆலப்புழையில் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை டிக்கெட் கிழித்துக் கொடுத்துப் படகு ஓட்டுகிறது. பஸ்ஸில் ஏறுவதுபோல ஏழைகளும் ஏறுகிறார்கள். அந்த முறை பூவாறுக்கும் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பூவாறு என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் பகைக்கு அஞ்சி மார்த்தாண்ட வர்மா மறைந்து திரிந்த நாட்களில் இங்கே வந்தாராம். ஆற்றில் பூக்கள் மிதந்து வருவதைக் கண்டு பூவாறு என்றாராம். அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் இவ்வூர் மரைக்காயர் ஒருவர் என்றும் சொல்வார்கள். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில், அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரப் பொந்தை இன்றும் காட்டுகிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படகுக்காரர்களும் சளைக்காமல் சொல்கிறார்கள்.

கதையைச் சொல்கிறவர்கள் கண் முன்னால் கிடக்கும் சரித்திரத்தைச் சொல்வதில்லை. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்குவது இந்தப் பூவாறில்தான். பேர் நீளமாக இருப்பதால் ஏ.வி.எம். கால்வாய் என்று சுருக்கிவிட்டார்கள். பத்மநாபசுவாமியின் பெயரில் பாதி, இங்கிலாந்து ராணியின் பெயர், அதற்கடுத்து மன்னரின் பெயர். அக்காலத்துத் திருவிதாங்கூர் யார் யாருக்குப் பணிந்து நடந்தது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1860-இல் வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டில் காலமானார். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைப்பது எண்ணம். வெட்டியதோ பூவாறிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியாக மண்டைக்காடு வரைதான். தேங்காயும் கயிறும் உப்பும் ஏற்றிய வள்ளங்கள் இதில் போய்வந்தன. பிறகு லாரி வந்தது, 1979-இல் ரயிலும் வந்தது. வள்ளத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது அந்தக் கால்வாயைப் போய்ப் பார்க்க வேண்டும். சில இடங்களில் பாசி, சில இடங்களில் குப்பை, சில இடங்களில் கால்வாயே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூவாறு கடற்கரையிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள 11 கிலோமீட்டர் 13-ஆம் எண் தேசிய நீர்வழி. டெல்லியில் காகிதத்தில் நீர்வழி. இங்கே பல இடங்களில் வள்ளம் தள்டவும் வழியில்லை.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே நிலைமை வேறு. பார்வதி புத்தனாறு முதல் வர்க்கலைக் குன்றைக் குடைந்து 1880-இல் முடித்த சுரங்கவழி வரை, பழைய நீர்வழிகளையெல்லாம் கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டருக்கு ஒன்றாக்கும் வேலையைக் கேரள சர்க்கார் கையில் எடுத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் திட்டம் தெற்கே கோவளத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே இருப்பவர்கள் செய்த குற்றம் என்ன?

குற்றம் எல்லைக்கோட்டில் இருக்கிறது. திருத்தமிழகப் போராட்டத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் கேட்கப்பட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வரை தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அந்தப் பழைய கணக்கை இங்கே கிளறுவதில் பயன் இல்லை. ஆனால் கால்வாயின் தலை ஒரு மாநிலத்திலும் உடல் இன்னொரு மாநிலத்திலும் ஆகிவிட்டது. தலைப்பக்கத்தார் உடலைக் காட்டுகிறார்கள், உடல்பக்கத்தார் தலையைக் காட்டுகிறார்கள். ஆற்று நீரிலும் இதே கதைதான். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

கடலுக்கு இந்த எல்லை தெரியாது. பொழியூரைத் தாண்டினால் நீரோடி, அடுத்து வள்ளவிளை. இந்தப் பக்கம் பெண் கொடுத்து அந்தப் பக்கம் பெண் எடுத்த குடும்பங்கள் எத்தனையோ. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இரு மாநிலக் கரைகளிலும் ஒரே அழுகைதான் கேட்டது. கடல் அரித்து வீட்டைக் கொண்டுபோனாலும் இரண்டு பக்கமும் ஒரே கதிதான்.

கால்வாயை மீட்கப் போகிறோம் என்று யாராவது கிளம்பினால் முதலில் இவர்களை நினைக்க வேண்டும். கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஆக்கிரமிப்புக்காரர்கள் என்று புல்டோசரை அனுப்புவது நியாயமாகாது. போக இடமில்லாமல் வந்தவர்களுக்கு மாற்று இடமும் வீடும் கொடுத்த பிறகே மண்வெட்டி எடுக்க வேண்டும். வசதி படைத்தவர்கள் மதில் கட்டி வளைத்த இடங்கள் இருந்தால் அங்கே இவ்வளவு தயவு தேவையில்லை.

முழுக் கால்வாயையும் ஒரே நாளில் வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் எழுதிய அந்த 11 கிலோமீட்டரையாவது இரு சர்க்கார்களும் கூடி அளக்கட்டும். பூவாறில் கால்வாய் பிரியும் இடத்தில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைக்கட்டும். இது என்ன, எப்போது வெட்டியது, எங்கே போகிறது என்று நாலு வரி போதும். அதற்கு லட்சம் செலவாகாது. அடுத்த ஞாயிறு பூவாறு போகும் தமிழ்க் குடும்பங்கள், படகில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், கால்வாய் எங்கே என்று அங்குள்ளவர்களைக் கேட்டு அந்தக் கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டும். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.