பெயர் நூறு... மருந்து ஒன்று!

"அண்ணே, அந்த ஜுர மாத்திரை ஒரு அட்டை குடுங்க!"

எந்த மருந்துக் கடையில் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். கடைக்காரரும் கைக்கு எட்டிய அட்டையை எடுத்து நீட்டுவார். குரோசின், கால்பால், டோலோ... மேலே பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான். அமெரிக்காவுக்குப் போனால் மூலப்பெயரே மாறிவிடும். அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். நம் ஆஸ்துமாக்காரர்கள் உபயோகிக்கும் சால்பூட்டமால் அங்கே ஆல்பூட்டெரால்!

"பேரு எதுவா இருந்தா என்ன, காய்ச்சல் விட்டாச் சரி" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து.

ஒரு டாக்டர் எழுதியது ஒரு பெயர். இன்னொரு டாக்டர் எழுதியது வேறு பெயர். பாட்டி இரண்டையும் வேறு வேறு மாத்திரை என்று நினைத்துச் சேர்த்து விழுங்குகிறார். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் போனால் கல்லீரல் கெட்டுவிடலாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஃபால்சிகோ, ஃபால்சிடேப் என்று இரண்டு மலேரியா மருந்துகள். பெயர் ஏறக்குறைய ஒன்று. உள்ளே ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருந்துப் பெயரில் குழப்பம் வந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் மற்றப் பொருள்களை விட இதில் கண்டிப்பு அதிகம் வேண்டும் என்று 2001-ல் கோர்ட் சொன்னது.

சரி, இதற்கு என்னதான் வழி? ஊருக்குப் பின்கோடு இருப்பது போல மருந்துக்கும் ஒரு குறியீட்டு எண்! அந்த வேலை நம் நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மையம், இந்தியாவுக்கான பொது மருந்துக் குறியீடுகளைத் தயாரித்திருக்கிறது. ஸ்நோமெட் சிடி என்ற உலக மருத்துவச் சொற்பட்டியலோடு பொருந்தும்படி அது அமைந்துள்ளது. இந்தப் பட்டியலை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பினர்.

நல்ல முயற்சிதான். ஆனால் நம் மருந்தை உலகப் பட்டியலோடு இணைக்கும்போது 'கிட்டத்தட்ட இதுதான்' என்கிற போக்கு கூடவே கூடாது என்பது என் கருத்து.

ஏன் என்கிறீர்களா? குழந்தைகளுக்கான பாராசிட்டமாலையே பாருங்கள். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உண்டு, 250 மி.கி.யும் உண்டு. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி.! அதாவது 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., முதல் சிரப்பைப் போல நாலு மடங்கு. மூன்றையும் 'பாராசிட்டமால் திரவம்' என்று ஒரே எண்ணில் அடைத்துவிட்டால் அந்த எண்ணால் என்ன பிரயோஜனம்? மூலப்பொருள், வீரியம், வடிவம் மூன்றும் பொருந்தினால்தான் அது அதே மருந்து.

இன்னொரு சிக்கல். உலக ஆய்வாளர்கள் பலர் உபயோகிப்பது ஆர்எக்ஸ்நார்ம் என்ற பட்டியல். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் தங்கள் நாட்டு மருந்துகளுக்காகத் தயாரித்தது. அங்கே அனுமதியே பெறாத நிமசுலைடு போன்றவையும், நம் கடைகளில் குவிந்து கிடக்கும் கூட்டு மருந்துகளும் அதில் எப்படிப் பொருந்தும்? பொருந்தாததற்குப் புதிய எண் தர வேண்டும். அதுவரை காலியாக விட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு விலாசத்தை ஒட்டி அனுப்பக் கூடாது! கம்ப்யூட்டர் ஜோடி சேர்த்ததை, மருந்தியல் படித்த ஒருவர் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமசுலைடு கூடாது என்று 2011-ல் தடை வந்தது. 2016-ல் 344 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. அறிவிப்பில் வருவது மூலப்பெயர். நம் அலமாரியில் இருப்பதோ கம்பெனிப் பெயர். 'நம்ம வீட்டு பாட்டில் அதுதானா?' என்று ஒரு தாய்க்கு உடனே தெரிய வேண்டாமா? பக்கவிளைவு விஷயமும் இப்படித்தான். ஒரே மருந்து இருபது பெயரில் விற்று, இருபது பெயரிலும் ஒவ்வொரு புகார் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒரே எண்ணில் இருபது புகார் சேர்ந்தால்தான் அபாய மணி அடிக்கும்.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் பாக்கெட்டில் பார்கோடு அல்லது க்யூ.ஆர். கோடு கட்டாயமானது. இதை எல்லா மருந்துகளுக்கும் கொண்டு வரட்டும். பொதுக் குறியீட்டு எண்ணும், மூலப்பெயர் தமிழிலும் அதில் கிடைக்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில:

* அட்டையில் கம்பெனிப் பெயரோடு அச்சாகியிருக்கும் மூலப்பெயரையும் மி.கி. அளவையும் படியுங்கள்.

* வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயரை ஒரு நோட்டில் எழுதி, டாக்டரிடம் போகும்போது கொண்டு போங்கள்.

* கடைக்காரர் வேறு பெயரில் மருந்து கொடுத்தால், "உள்ளே அதே மருந்துதானா, அதே பவர்தானா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

* பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் தெரிவிக்கலாம்.

சுற்றியிருக்கும் அட்டை நூறு நிறத்தில் இருக்கட்டும். விழுங்குவது என்ன என்பது விழுங்குகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்!