கம்பனியை மாற்றியும் கரைச்சல் தீரவில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நமதூரில் வீட்டு இன்டர்நெட்டை ஒரு கம்பனியிலிருந்து இன்னொரு கம்பனிக்கு மாற்றுவது இப்போது கூடியிருக்கிறது. செம்புக் கம்பி லைன் வைத்திருந்தவர்கள் ஃபைபருக்குப் போகிறோம். ஃபைபர் வராத ஒழுங்கைகளில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வாங்குகிறோம். மாற்றி ஒரு கிழமை போகுமுன் வட்ஸ்அப் குழுமத்தில் அதே கதை வருகிறது: "புதுசும் சரியில்ல, பழசே நல்லம்." அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது கம்பனியின் ஆள் வாசலுக்கு வந்து நிற்கிறார்.

இதில் எங்கள் கருத்து இதுதான். கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்க்காமல் கம்பனியை ஏசுவதும் மாற்றுவதும் காசை வீணாக்கும் வேலை. உள்ளே இருக்கும் கோளாறை நாமே சரிசெய்யலாம். வெளியே இருப்பதைக் கம்பனிதான் சரிசெய்ய வேண்டும். அதை நாம் ஆதாரத்தோடு கேட்க வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை. இரவு ஸூம் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது லைன் விழுந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடம் போனதுதான். "கனெக்ஷன் போயிட்டு சேர்" என்று காலையில் வந்து சொல்லும் பிள்ளைகளை நாம் வகுப்பறையில் தினமும் பார்க்கிறோம். மாத பில்லையும் கட்டிவிட்டு, அதற்கு மேலே போனுக்கு ரீலோட் போட்டுச் சமாளிக்கும் உம்மாமார் எத்தனை பேர்?

சரி, எப்படிப் பிரித்தறிவது?

முதலில் பழைய ரவுட்டரை நிறுத்துங்கள். பல வீடுகளில் புதியதும் பழையதும் பக்கத்துப் பக்கத்தில் எரிகின்றன. போன் பழைய வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் புதிய கம்பனியை ஏசிக்கொண்டிருப்போம். சிலர் பழைய ரவுட்டரைப் புதியதோடு வயரால் இணைத்து விடுகிறார்கள். சரியாக செட் பண்ணாவிட்டால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யப் பார்த்து, லைன் வந்து வந்து போகும்.

அடுத்து வயரில் சோதியுங்கள். லெப்டொப் இருந்தால் நெட்வேர்க் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகக் குத்தி வேகத்தைப் பாருங்கள். வயரில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் கோளாறு நமது வீட்டுக்குள். டீவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்துவிட்டு, கொங்கிறீட் தட்டுக்கு மேலே மாடி அறையில் சிக்னல் தேடுகிறோம். வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வையுங்கள். ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை இருந்தால் ஒன்றை அறியுங்கள்: 5 வேகம் கூடியது, ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும். தூரத்து அறைக்கு 2.4 நல்லது.

கணக்கையும் சரியாகப் பார்க்க வேண்டும். பெக்கேஜில் போட்டிருப்பது மெகாபிட். டவுன்லோட் ஆகும்போது பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 50 என்று வாங்கிய லைனில் 6 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. "அன்லிமிடெட்" என்று வாங்கியவர்கள், எத்தனை ஜீபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்ற நிபந்தனையையும் வாசியுங்கள். மாதக் கடைசியில் மட்டும் லைன் படுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஃபைபர் என்றால் பெட்டியின் லைட்டைப் பாருங்கள். 'லொஸ்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. ரவுட்டரை நூறு தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் பலனில்லை. வயர் எங்காவது மடிந்திருக்கிறதா, கதவில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கம்பனிக்கு அழையுங்கள். அந்த வயரைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணால் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் விடாதீர்கள். அதில் வருவது லேசர் ஒளி.

4ஜி என்றால் ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலில் வைத்து, சுபஹுக்குப் பிறகு ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு ஒரு முறை என்று மூன்று நாள் வேகத்தைப் பார்த்து எழுதுங்கள். விடியற்காலையில் பறந்து இரவில் மட்டும் ஊர்ந்தால், அந்த டவரில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். அதை வீட்டிலிருந்து யாராலும் திருத்த முடியாது. அது கம்பனியின் பொறுப்பு.

இங்கேதான் நாம் பின்வாங்கிவிடுகிறோம். கஸ்டமர் கெயாருக்கு ஒரு தரம் எடுத்து, அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டு, வெறுத்துப்போய் விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டாம். திகதி, நேரம், வேகம் மூன்றையும் எழுதி, ஸ்கிரீன்ஷொட்டோடு அனுப்பி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவனம் அது. காசு கட்டும் நமக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. "ஸ்லோவா இருக்கு" என்ற ஒரு வரியை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். மூன்று நாள் குறிப்பை இலகுவில் ஒதுக்க முடியாது.

இன்னும் மாற்றாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதியது ஒழுங்காக ஓடுகிறதென்று இரண்டு கிழமையாவது பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள். நிறுத்தும்போது எழுத்தில் நிறுத்துங்கள். பில் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று நினைத்திருந்தால் நிலுவை ஏறிக்கொண்டே இருக்கும். கடைகளில் சீசீடீவி வைத்திருப்பவர்கள், லைனை மாற்றினால் கமராவை வெளியிலிருந்து பார்க்கும் செட்டிங் மாறலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனைகளுக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆண்துணை இல்லாத வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வயதானவர்களின் வீடுகள் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. வீட்டாரிடம் கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்த்துக் கொடுங்கள்.

சோதித்துப் பார்த்தும் இரவில் மட்டும் லைன் படுக்கும் வீட்டார் கீழே கருத்தில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: எந்த வீதி, ஃபைபரா 4ஜியா, எத்தனை மணிக்கு. ஒரே வீதியில் பத்து வீடு சேர்ந்தால், பத்துப் பேரும் கையெழுத்திட்டு ஒரே முறைப்பாடாக அனுப்புவோம்.