மாத்திரைக்கும் உரைகல் உண்டு!

கோயில் நகைகளுக்குப் பேர் போன ஊர், வடசேரி.

அங்கே ஒரு நகை ஆசாரியிடம் பொன் துண்டு ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்? உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். பிறகுதான் மாற்றுச் சொல்லுவார். நிறத்தைப் பார்த்து ஏமாறமாட்டார்.

பொன்னுக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை மருந்துக்குப் பலர் காட்டுவது இல்லை!

"ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு அண்ணாச்சிக்கு இளைப்பும் குறைந்துவிட்டதாம். நமக்கும் அதில் நாலு வாங்கி வா!" என்று மகனை அனுப்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ரத்தக் கொதிப்பு மருந்து நுரையீரல் நோய்க்கு உதவுமா?

இந்தக் கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். சோதித்தும் பார்த்தார்கள். கிடைத்த பதிலை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகை செய்யும் கேடு

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள் உள்ளன. பீடி, சிகரெட் புகை பல ஆண்டுகள் உள்ளே போனால் மூச்சுக் குழாய்கள் சுருங்குகின்றன. காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைகின்றன. பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

இதுதான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

பீடியைத் தொடாத தாய்மார்களுக்கும் இது வருகிறது. சிரட்டையும் ஓலையும் விறகும் எரித்து, அடுப்படியில் குடித்த புகைதான் காரணம்.

சிதைந்த சுவரைத் திரும்பக் கட்டும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் புதிய வழி தேடினார்கள்.

எலி பிழைத்தது!

லோசார்டன் என்பது ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை. இங்கே மருந்துக் கடைகளிலும் கிடைப்பது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தார், எலிகளை இரண்டு மாதம் சிகரெட் புகையில் வைத்தார்கள். லோசார்டன் கொடுத்த எலிகளின் நுரையீரல் அவ்வளவாகக் கெடவில்லை. 2012இல் இச்செய்தி வெளிவந்தது.

நம்பிக்கை பிறந்தது. ஆனால், எலி வேறு; மனிதன் வேறு!

எனவே 220 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு லோசார்டன். மறு பாதிக்கு அதே போன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 48 வாரங்கள் கழித்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை! 2022இல் வெளிவந்த முடிவு இது.

நன்மை போய்த் தீமை

மெட்டோப்ரோலால் என்ற மாத்திரையின் கதை இன்னும் முக்கியமானது. ரத்தக் கொதிப்புக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படுவது அது. அந்த வகை மாத்திரை சாப்பிடும் நுரையீரல் நோயாளிகளுக்கு இளைப்பு முற்றுவது குறைவு என்று பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகள் காட்டின.

அமெரிக்காவில் 532 பேரிடம் சோதனை நடந்தது. இருதயத்துக்காக அந்த மாத்திரை தேவைப்படாதவர்கள் அவர்கள். சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று!

இளைப்பு முற்றுவது குறையவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு முற்றும் அபாயம், மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 5 பேர். 2019இல் இது வெளியாயிற்று.

பிரிட்டனில் இதே இனத்தைச் சேர்ந்த பிசோப்ரோலால் மாத்திரையை 515 பேரிடம் சோதித்தார்கள். அதிகக் கெடுதல் இல்லை. ஆனால் பலனும் இல்லை. இது 2024இல் வந்த முடிவு.

சோதிக்காமல் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சென்னை காட்டிய வழி

சோதனை எப்போதும் "இல்லை" என்றே சொல்லும் என்பதல்ல.

1956இல் சென்னையில் காச நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுத்து மருந்து சாப்பிட்டார்கள். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து சாப்பிட்டார்கள். "நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் இல்லாமல் காசம் தீருமா?" என்று உலகமே நினைத்த காலம் அது.

தீர்ந்தது! வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழைகளுக்கு அந்த முடிவு வாழ்வு தந்தது.

"ஆம்" என்ற பதில் உயிர் காத்தது போலவே, "இல்லை" என்ற பதிலும் உயிர் காக்கிறது. தோற்ற சோதனை வீண் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவர் சாப்பிடக் கூடாது.

ரத்தக் கொதிப்புக்கோ இருதயத்துக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை, இதைப் படித்துவிட்டு நிறுத்தவும் கூடாது! அந்த நோய்களுக்கு அவை நல்ல மருந்துகளே. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இளைப்பும் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பீடி, சிகரெட்டை அடியோடு விட வேண்டும். அடுப்பங்கரைப் புகை வெளியேற வழி வேண்டும். டாக்டர் கொடுத்த உறிஞ்சு மருந்தைச் சரியான முறையில் இழுக்கப் பழக வேண்டும். வடசேரிக்காரர்களுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரம் இல்லை.

மருந்துச் சோதனைக்கு யாராவது அழைத்தால், பயந்து ஓட வேண்டாம். கேட்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். என்ன மருந்து, என்ன கெடுதல் வரலாம் என்று கேட்பது நோயாளியின் உரிமை. நடுவில் விலகிக்கொள்வதும் உரிமைதான்.

பொன் போனால் சம்பாதிக்கலாம். மூச்சுப் போனால் வருமா?