‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!’ - யார், எதுவரைக்கும்?

மின்சார ரயிலில் மூணு பேர் உட்காரும் சீட். நாலாவதாக ஒருவர் வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்கிறார். மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்கிறார்கள். பிரச்னை முடிந்தது.

‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லின் வேரும் இதுதான். லத்தீனில் ‘அட்’ என்றால் ‘நோக்கி’, ‘யுக்ஸ்டா’ என்றால் ‘அருகில்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே பெரும்பாலும் பொருட்களைத்தான் அட்ஜஸ்ட் செய்வார்கள்: நாற்காலியின் உயரம், பைக் கண்ணாடி, மொபைல் வெளிச்சம். புது ஊருக்குப் பழகுவதற்கும் இதே சொல்தான்.

நம்ம ஊரில் இது இன்னும் பல வேலை பார்க்கிறது. “ஒரு ஐநூறு ரூபா அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?” என்றால் கைமாத்து. “இன்னைக்கு உப்புமாதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றால் சமாதானம். இதிலெல்லாம் தப்பே இல்லை. நெருக்கடியான ஊரில் சேர்ந்து வாழ இந்தச் சொல் தேவை.

சிக்கல், ஒரே ஆள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்போதுதான். “இந்த சனிக்கிழமை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று ஆபீஸில் ஆரம்பிப்பது, எல்லா சனிக்கிழமையும் ஆகிவிடும். “போற வீட்டுல அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா” என்று மணப்பெண்ணிடம் சொல்பவர்கள், மாப்பிள்ளையிடம் அதைச் சொல்வது அபூர்வம்.

இதன் மோசமான முகமும் பதிவாகியிருக்கிறது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் கேரள அரசு நீதிபதி ஹேமா கமிட்டியை அமைத்தது. 2024 ஆகஸ்ட்டில் வெளியான அதன் அறிக்கை, வாய்ப்புக்காகப் பாலியல் ரீதியாக இணங்கச் சொல்வதற்கு அங்கே ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற சொற்கள் புழங்குவதைக் குறிப்பிட்டது. மிரட்டலைக்கூட சாதாரண உதவி மாதிரி காட்ட இந்தச் சொல் போதுமானதாக இருக்கிறது.

அதனால், அடுத்தமுறை யாராவது அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எதை? எத்தனை நாளைக்கு? நீங்க எவ்வளவு நகர்றீங்க? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், “முடியாதுங்க” என்று சொல்வதில் தயக்கமே வேண்டாம்.